பத்து ரூபாய் நாணயம் நுழையும் வாசல்

மரப்பொந்தில் முட்டையிடும் பறவைகள் எல்லாமே பொந்து குடைவதில்லை. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடையும். சாம்பல் பட்டாணிக் குருவி, மைனா, குண்டுக்கரிச்சான் போன்றவை பழைய பொந்தையோ சுவர் இடுக்கையோ தேடிக் குடியேறும். கீழ் கோத்தகிரியில் அந்தத் தேடல் எளிதல்ல. தேயிலைக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் அடிக்கடி கிளை கழிக்கப்பட்டு, முதுமை அடையும் முன்பே வெட்டப்படுவதால் அவற்றில் பொந்து விழுவது அரிது. பொந்துள்ள முதுமரங்களைக் காண கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் போன்ற சோலைகளுக்குத்தான் போக வேண்டும். சுமார் 116 ஹெக்டேர் பரப்புள்ள லாங்வுட் சோலை 2024இல் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஊருக்குள் ஓட்டு வீடுகள் கான்கிரீட் ஆனதில் சிட்டுக்குருவியும் தன் இடுக்குகளை இழந்தது. குழந்தைகள் செய்யும் மரப்பெட்டி இந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டும்.

15 செ.மீ. அகலமும் ஒன்றரை செ.மீ. தடிமனும் கொண்ட நாலரை அடிப் பலகை ஒன்று போதும். முதுகுக்கு 35 செ.மீ., முகப்புக்கு 20, கூரைக்கு 20, தரைக்கு 12 என வெட்டிய பின், 45 செ.மீ. துண்டு ஒன்றைச் சாய்வாக அறுத்தால் பின்பக்கம் 25, முன்பக்கம் 20 செ.மீ. உயரமுள்ள இரண்டு பக்கப் பலகைகள் கிடைக்கும். அளப்பதும் உப்புத்தாள் தேய்ப்பதும் திருகாணி முடுக்குவதும் பிள்ளைகளின் வேலை. அறுப்பதும் துளையிடுவதும் பெரியவர்களுடையது. கூரையைப் பழைய சைக்கிள் டியூப் துண்டால் முதுகுப் பலகையோடு இணைத்தால் திறந்து மூடலாம், மழைநீரும் இறங்காது. தரையில் நான்கு சிறு துளைகள் அவசியம்.

எந்தப் பறவை குடிவரும் என்பதைப் பெரும்பாலும் வாசலே தீர்மானிக்கிறது. பட்டாணிக் குருவிக்கு 28 மி.மீ. விட்டம், பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. என்பதால், அது உரசாமல் நுழைந்தால் அளவு சரி. சிட்டுக்குருவிக்கு 32 மி.மீ. வேண்டும். அதைவிட நன்கு பெரிதானால் மைனா நுழைந்துவிடும். வாசலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்திலாவது இருந்தால்தான் பூனையின் கால் குஞ்சை எட்டாது. குஞ்சுகள் ஏறி வர, முகப்பின் உட்புறத்தை ஆணியால் கீறிச் சொரசொரப்பாக்க வேண்டும். கடைகளில் விற்கும் அழகுப் பெட்டிகளில் வாசலுக்குக் கீழே நீட்டியிருக்கும் குச்சி குருவிக்குத் தேவையே இல்லை. முட்டை திருட வரும் காகத்துக்குத்தான் அது உதவும். உள்ளே பெயின்ட், வார்னிஷ் கூடாது. தகரமும் பிளாஸ்டிக்கும் வெயிலில் சூடேறிக் குஞ்சைக் கொன்றுவிடும்.

தொட்டபெட்டா மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றை மறைப்பதால் கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையே வலுத்தது. எனவே வாசல் வடகிழக்கைப் பார்க்கக் கூடாது. பிற்பகல் வெயில் விழும் மேற்கும் ஆகாது. பத்தடி உயரத்தில், தை பிறப்பதற்குள் மாட்டிவிடுவது நல்லது. மாசியிலிருந்து கூடு கட்டும் காலம்.

பட்டாணிக் குருவி வந்துவிட்டால் கூரையைத் திறக்கவே கூடாது. எட்ட நின்று பார்த்தாலே எல்லாம் தெரியும்: முதலில் பாசியும் முடியும் உள்ளே போகும், ஏறக்குறைய இரண்டு வாரம் அடைகாப்பு நடக்கும், பிறகு தாயும் தந்தையும் மாறி மாறிப் பச்சைப் புழு கொண்டுவரும். திரும்பும்போது அலகில் வெள்ளையாக ஒரு சிறு பை இருந்தால் அது குஞ்சின் எச்சம். கூட்டைத் துப்புரவாக வைக்கும் வழி அது. மூன்றாவது வாரத்தை ஒட்டிக் குஞ்சுகள் பறந்துவிடும்.

சாம்பல் பட்டாணிக் குருவியின் ஐரோப்பிய உறவான பெரிய பட்டாணிக் குருவியை ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைதம் காட்டில் 1947 முதல் இதுபோன்ற பெட்டிகளை வைத்தே ஆராய்ந்து வருகிறார்கள். நெதர்லாந்தின் ஆப்பிள் தோட்டங்களில் பெட்டி வைத்தபோது புழுச்சேதம் குறைந்ததை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. சென்னையில் 'கூடுகள்' அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிட்டுக்குருவிக் கூடு செய்யக் கற்றுக்கொடுக்கிறது.

எல்லாப் பறவைக்கும் பெட்டி பொருந்தாது. கோத்தகிரித் தோட்டங்களில் எங்கும் காணப்படும் கொண்டைக்குருவி புதரில் கிண்ணம்போல் கூடு கட்டும். அதற்கு வேலியோரப் புதரை வெட்டாமல் விட்டாலே போதும். முதல் ஆண்டு பெட்டி காலியாக இருந்தால் கழற்ற வேண்டாம். குஞ்சுகள் பறந்த கூட்டை மார்கழியில் எடுத்துவிட்டு, பெட்டியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, அதே இடத்தில் மாட்டுங்கள்.