நன்னிலத்து வயலும் பரிணாமப் பாடமும்

ஆதியாகமம் மெய்யா, அறிவியல் நூல் மெய்யா? பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் நடக்கும் நாட்களில், வகுப்பறையில் எழாத இவ்வினா ஓய்வுநாள் பள்ளியில் எழுவதுண்டு. இரண்டில் ஒன்றைக் கைவிட நேருமோ என்ற அச்சத்துடன் மாணவர் கேட்கின்றார். போதகர் சிரித்து ஒதுக்கிவிட்டால் அவர் மறுபடி கேட்பதில்லை.

2022-23ஆம் கல்வியாண்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு, சுமைக்குறைப்பு என்ற பெயரால், பத்தாம் வகுப்பு நூலினின்று பரிணாமப் பகுதியை நீக்கிற்று. அதைக் கண்டித்து 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியரும் 2023 ஏப்ரலில் மடல் விடுத்தனர். மேல்நிலையில் உயிரியலை எடுக்காத மாணவர்க்குப் பத்தாம் வகுப்பே இறுதி வாய்ப்பு என்பதை நாம் மறத்தலாகாது. தமிழ்நாட்டு அரசு 2019இல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு நூலிலோ இதற்கெனத் தனிப்பாடமே அமைந்தது. ஆதலின் நம் சபைகளின் பிள்ளைகள் இவ்வினாவைச் சந்தித்தே தீருவர்.

குரங்கினின்று தொடங்குவதால்தான் குழப்பம் மிகுகின்றது. நன்னிலத்தில் வயலினின்று தொடங்கலாமே. நெற்பயிரிடையே வளரும் குதிரைவாலி இனத்துப் புல்லைக் களையெடுக்கும் பெண்கள் நன்கறிவர். இளம்பருவத்தில் அது நெல்லே போல் தோன்றும். இலையும் உறையும் சேருமிடத்தில் நெல்லுக்குச் சிறு சவ்வு உண்டு, புல்லுக்கு இல்லை. இந்த ஒப்புமை வந்தது எங்ஙனம்? நெல்லைப் போலில்லாத புற்களைத் தலைமுறை தலைமுறையாக மனிதக் கை பிடுங்கிற்று. கண்ணுக்குத் தப்பியவை விதை உதிர்த்தன. சீனத்தின் யாங்சி ஆற்றுப் படுகைப் புற்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரை, இம்மாற்றம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்குத் தொடங்கியதெனக் காட்டுகின்றது. களையெடுப்போரே, தாம் அறியாமல், தேர்வு செய்தவர்! (மத்தேயு 13இல் வரும் களையும் கோதுமையை ஒத்த புல்லே என்பது அறிஞர் பலர் கருத்து.)

புகையானும் ஓர் ஆசிரியரே. அதனைத் தாங்கி வளரும் ஐ.ஆர். 26 நெல் 1973இல் பிலிப்பைன்சில் வெளியிடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அந்நெல்லையும் உண்ணவல்ல புகையான் வகை பெருகிற்று. மருந்து தெளித்தாலோ, புகையானைத் தின்னும் சிலந்திகளும் மடிந்து, அது முன்னிலும் மிகுதியாகத் திரும்பிற்று. சூழலியலும் பரிணாமமும் இரு பாடங்கள் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பித்தல் அரிது.

இறையியல் கூறுவது யாது? ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் பூண்டையும் உயிரினங்களையும் பிறப்பிக்கும்படி பூமிக்கே கட்டளை அளிக்கப்படுகின்றது. படைப்பு தானும் பங்குபெறும் படைப்பு அது. டார்வினின் நூல் 1859இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதனை ஆதரித்து எழுதிய தாவரவியலார் ஆசா கிரே ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. ஆறு நாட்களின் கணக்கு நமக்குப் பெரிய இடர் அன்று. கடினமான கேள்வி வேறு: இத்தனை சாவும் வேதனையும் படைப்பின் வழியாக அமைந்தது ஏன்? ரோமர் 8இல் பவுல் கூறும் சிருஷ்டியின் தவிப்பை இங்கே வைத்துப் படிக்க வேண்டும். இதற்கு முழு விடை நம்மிடம் இருப்பதாகப் பாவித்தல் பிள்ளைகளை ஏமாற்றுவதாகும்.

அறிவியல் ஆசிரியராயிருக்கும் சபையார் ஒருவரையும் களையெடுப்பில் பழகிய அம்மையார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, நடவு முடிந்த மூன்றாம் வாரத்தில் மாணவரோடு வரப்பில் இறங்கலாம். நெல்லையும் புல்லையும் பிரித்துக் காட்டும் பாடத்தை அவ்வம்மையாரே நடத்தட்டும்.