மொனிட்டரும் தவிலும்

வீட்டிலிருந்து இசை கேட்பவர்க்குக் கலையகக் கருவி எதற்கு என்று அன்பர் சிலர் வினவுகின்றனர். வினா நியாயமானதே. கலையகத்து ‘மொனிட்டர்’ ஒலிபெருக்கி இன்பமூட்டுவதற்கு ஆக்கப்பட்டதன்று. ஒலிப்பதிவின் குற்றங்களைக் காட்டுதற்கு ஆக்கப்பட்டது. உரையாசிரியரைப்போல் நயங்கூட்டாது, நல்ல ஏடெழுதுவோனைப்போல் உள்ளதை உள்ளவாறு தருவதே அதன் கடன்.

வழக்கமான வீட்டு ஒலிபெருக்கிக்கு அம்பிளிபயர் புறம்பாக இருக்கும். அது தரும் வலிய மின்னோட்டத்தைப் பெட்டியின் உள்ளுறுப்பு உயர்சுருதி, தாழ்சுருதி எனப் பிரிக்கும். ‘அக்டிவ்’ வகையிலோ பிரிவினை முன்னரே நிகழ்ந்துவிடும். பின்பு ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி அம்பிளிபயர் பெட்டிக்குள்ளேயே அமைந்திருக்கும். பின்லாந்தில் 1978 இல் தோன்றிய ஜெனெலெக் நிறுவனம் அந்நாட்டு வானொலிக்கு இத்தகையவற்றைச் செய்தே தொழில் தொடங்கிற்று. அதே ஆண்டில் யமஹா நிறுவனம் இல்லங்களுக்கென வெளியிட்ட என்.எஸ். 10 என்னும் பெட்டி, கலையகங்களிற் குடிபுகுந்தது வேடிக்கை. வீட்டுப் பொருள் அங்கே போகலாமெனின், அங்குள்ள பொருள் வீட்டுக்கு வரலாகாதோ?

எனக்கு இதில் ஈடுபாடு உண்டானது யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலால். அம்மேதை 1975 இல் மறைந்தார். என் தலைமுறையினர்க்கு அவர் ஒலிநாடாவில் வாழ்பவரே. நாடாக்களிலோ இரைச்சல் மிகுதி. வலந்தலையில் விரற்கூடு படும் ஓசையும் தொப்பியிற் கழி வீழும் ஓசையும் தனித்தனியே கேட்டாலன்றி அவ்வாசிப்பின் கணக்கு விளங்காது. தாழ்சுருதியை மிகுத்துக் காட்டும் பெட்டிகளில் தொப்பி முழங்க, வலந்தலை அதனுள் மூழ்கிவிடும். மொனிட்டரில் இரைச்சல் தெளிவாகவே கேட்கும், விரலும் கேட்கும்.

ஆயினும் அறை இடங்கொடுத்தல் வேண்டும். கண்டியில் மலைச்சரிவு வீடுகள் பலவற்றில் அறைகள் சிறியன. சீமெந்துத் தரை வேறு. பத்தடிச் சதுர அறையில், செக்கனுக்கு ஏறத்தாழ 56 அதிர்வுடைய ஒலி நீளத்திலும் அகலத்திலும் ஒருங்கே நின்று முழங்கும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல். இதைக் கொண்டு முன்னோர் ஒலிநூலை முற்றவுணர்ந்தனர் என்று கொண்டாடுவாருடன் நான் சேரேன். இளங்கோவடிகள் காரணம் கூறிற்றிலர். எனினும் நீளமும் அகலமும் ஒவ்வாதிருத்தல் நன்று என்பதைப் பௌதிகமும் ஒப்பும்.

அறையை இடித்துக் கட்ட நம்மால் இயலாது. பெட்டிகளை மூலையிலிருந்து விலக்கலாம். இரு பெட்டியும் கேட்போனும் சமபக்க முக்கோணத்தின் முனைகளாக அமைதல் வேண்டும். உயர்சுருதிக் கூறு செவிமட்டத்தில் நிற்றல் வேண்டும். என் அறையிற் பக்கச் சுவர்களில் நூல் அலுமாரிகள், தரையிற் பன்பாய். (நூல்களுக்கு மழைக்காலத்து ஈரம் ஆகாது, அது வேறு கவலை.) அண்மையில் இருந்து கேட்பதால் ஒலியை மிகுக்க வேண்டுவதில்லை. தகரக்கூரையில் மழை கொட்டும்போது மட்டும் எக்கருவியும் உதவாது.

இரைச்சலைக் கணினியால் நீக்கித் தருவதாக மாணவனொருவன் சொல்கிறான். இரைச்சலும் விரற்கூட்டின் ஓசையும் பெரும்பாலும் உயர்சுருதிப் பகுதியிலேயே உள்ளன. ஒன்றைக் களைந்தால் மற்றதும் தேய்ந்துபோகும். இருவரும் அடுத்தடுத்துக் கேட்டோம். அவனுடைய பிரதி செவிக்கு இதமாயிருந்தது. வலந்தலையின் கூர்மை மழுங்கியிருந்தது. பாடபேதம் காட்டும் பதிப்பாசிரியர் வழக்கப்படி இரண்டையும் வைத்திருக்கிறோம், மூலத்தை முதலிலே.