தாடி ஓணான்

வேலியிலும் மரக்கிளையிலும் அமர்ந்து தலையை மேலும் கீழும் அசைக்கும் ஓணானை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். இனம் பெருக்கும் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் செந்நிறம் பெறும். அதனைக் கண்டு, அது குருதியை உறிஞ்சுகின்றது என்று மருண்டு கல்லெறிவாரும் உளர். அச்சிற்றுயிர் அப்பழிக்கு எவ்வாற்றானும் உரியதன்று.

இவ்வோணானின் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் உயிர், ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலங்களில் வாழ்கின்றது. அதன் கழுத்தின் கீழே முட்கள் போன்ற செதில்கள் நிறைந்த தோற்பை ஒன்று உண்டு. சினமுற்றபோதும் துணையை நாடும்போதும் அஃது அப்பையை விரித்துக் கருநிறம் ஏற்றும். அப்பொழுது கருந்தாடி தாங்கியது போலத் தோன்றும். மேனாட்டார் அதனைத் 'தாடி டிராகன்' என்பர். டிராகன் என்பது அவர்தம் கதைகளில் தீயை உமிழ்ந்து ஊரை அழிக்கும் கொடிய விலங்கு. வாலுடன் சேர்த்து 2 அடிக்கு மேல் வளராத இவ்வுயிருக்கு அப்பெயர் மிகையே. தாடி ஓணான் என்பதே தக்க பெயராகும். 1926 ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் ஆல் என்னும் செருமானிய விலங்கியலறிஞர் இதனை அறிவியல் முறையில் விவரித்தார்.

இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் இதனை வீட்டில் வளர்க்கின்றனர். தன் நாட்டு ஊர்வனவற்றை வணிகத்தின் பொருட்டு அயல்நாடுகளுக்கு அனுப்புவதை ஆஸ்திரேலியா சட்டத்தால் தடுத்துள்ளது. ஆகலின் பிற நாடுகளில் விற்கப்படுவன பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்தவை. எனினும், பாலையின் வெயில் அவற்றின் உடலுக்கு இன்றும் இன்றியமையாததாகவே உள்ளது.

பசுவும் பறவையும் உண்ட உணவினின்றே உடல்வெப்பத்தைப் பெறுகின்றன. ஊர்வனவோ அதனை வெளியிலிருந்தே பெறவேண்டும். காலையில் தாடி ஓணான் முதுகின் நிறத்தைக் கருமையாக்கிக்கொண்டு வெயிலில் கிடக்கும். உடல் சூடேறியதும் நிறம் வெளிறும். வெப்பம் மிகுந்தால் வாயைத் திறந்துகொள்ளும். பின்னர் நிழலை நாடும். ஆதலால் கூண்டினுள் வெயிலும் வேண்டும், நிழலும் வேண்டும். வளர்ந்த ஓணான் ஒன்றிற்கு 4 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள கூண்டினை வளர்ப்போர் அமைக்கின்றனர். அதன் ஒரு கோடியில் விளக்கின் கீழே தட்டையான கல் ஒன்று கிடக்கும். அங்கே வெப்பம் செல்சியஸ் அளவையில் ஏறத்தாழ 40 பாகை இருக்கும். மறுகோடியில் 25 பாகை அளவே இருக்கும். சிறு பெட்டியாயின் உள்ளிடம் முழுவதும் ஒரே சூடாகிவிடும். ஒதுங்குவதற்கு இடமின்றி அவ்வுயிர் வருந்தும்.

வெப்பம் மட்டும் போதாது. ஞாயிற்றின் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் தோலிற்பட்டால் உடலில் வைட்டமின் டி உண்டாகும். அச்சத்துக் குறையின், உண்ட சுண்ணாம்புச் சத்து எலும்பிற் சேராது. சாளரக் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். இதனை அறியாதார் கூண்டைச் சாளரத்தருகே வைத்து, வெயில் நன்றாகப் படுகின்றது என்று மகிழ்ந்திருப்பர். நாளடைவில் ஓணானின் தாடை மென்மையுறும், கால்கள் வளையும். ஆகவே அக்கதிரை வீசும் தனி விளக்கு ஒன்றும் கூண்டில் இருத்தல் வேண்டும்.

பூச்சிகளும் கீரைகளும் இதன் உணவாகும். ஆயினும் எல்லாப் பூச்சிகளும் ஆகா. அமெரிக்க மின்மினிகள் சிலவற்றின் உடலில் உள்ள நஞ்சு, ஒன்றே உண்ணினும் இதனைக் கொன்றுவிடும்.

தாடி ஓணான் தனித்து வாழ்வது. ஆண்கள் இரண்டை ஒரு கூண்டில் இட்டால் அவை கடித்துப் புண்படுத்திக்கொள்ளும். மெலிந்தது, தன்னை வலியதன்முன் முன்னங்கால் ஒன்றை உயர்த்தி மெல்லச் சுழற்றும். 'உன்னோடு போரிடேன்' என்பதே அதன் பொருள். விளக்கின் கீழே ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதைக் கண்டு, நட்பென்று கருதுவர் சிலர். உண்மையில் வலியது மெலியதற்குரிய வெப்பத்தையும் ஒளியையும் கவர்ந்துகொள்கின்றது.

குளிர்காலத்தில் இவை உணவைக் குறைத்து ஒடுங்கிக் கிடக்கும். இளவேனில் பிறந்ததும் இணைசேரும் பருவம் தொடங்கும். ஆஸ்திரேலியாவில் அஃது செப்டம்பர் மாதத்தை ஒட்டி வரும். ஆண் தாடியைக் கருக்கித் தலையை விரைந்து அசைத்துப் பெண்ணைத் துரத்தும். அதன் பிடரியைப் பல்லாற் பற்றிக்கொண்டே இணையும். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, பெண்ணின் வயிற்றில் கோலிக்குண்டுகள் போல முட்டைகள் புடைத்துத் தோன்றும். அதன் பின்னர் அஃது அமைதியிழந்து மூலைதோறும் மண்ணைப் பறிக்கும். ஈரமணல் ஆழமாக நிரப்பிய பெட்டி ஒன்றை அப்பொழுது அதற்குக் கொடுத்தல் வேண்டும். தோண்டுதற்கு இடம் கிட்டாவிடின், முட்டைகள் வயிற்றிலேயே தங்கித் தாய் இறத்தலும் உண்டு. பெரும்பாலும் 15 முதல் 30 வரை முட்டைகள் இடும். ஆணின் வித்தினைத் தன் உடலில் சேமித்து வைத்திருந்து, மீண்டும் சேராமலேயே அடுத்த முறையும் கருவுற்ற முட்டைகளை இடவல்லது.

முட்டையிட்டதும் தாய் குழியை மூடி மண்ணை அழுத்திவிட்டு அகன்றுவிடும், குஞ்சுகளைப் பேணுவதில்லை. வளர்ப்போர் அம்முட்டைகளை எடுத்துக் கருவி ஒன்றினுள் 29 பாகை அளவில் வைத்துக் காப்பர். கோழி தன் முட்டைகளை நாள்தோறும் புரட்டும்; இவற்றையோ புரட்டலாகாது. புரட்டினால் உள்ளிருக்கும் கரு அழியக்கூடும். ஆகவே எடுக்கும்போதே மேற்புறத்தில் பென்சிலால் ஒரு குறியிடுவர். இரண்டு மாதம் கடந்து குஞ்சுகள் வெளிப்படும்.

இங்கே வெப்பத்தின் ஆற்றல் வியக்கத்தக்க வகையில் வெளிப்படுகின்றது. இவ்வினத்தில் இரண்டு இசட் குரோமோசோம்களைப் பெற்றது ஆணாகும். ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் பெற்றது பெண்ணாகும். ஆயினும் முட்டை புதைந்துள்ள இடம் 32 பாகைக்கு மேல் சூடேறினால், ஆணாக வேண்டிய கருக்களும் பெண்ணாக மாறத் தொடங்குகின்றன. ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2007 ஆம் ஆண்டில் இதனை ஆய்வுக்கூடத்தில் கண்டு வெளியிட்டனர். இயற்கை நிலத்திலும் இம்மாற்றம் நிகழ்வது 2015 இல் தெரியவந்தது. அங்குப் பிடித்து ஆராய்ந்த 131 ஓணான்களுள் 11, ஆணின் குரோமோசோம்களைக் கொண்ட பெண்களாய் இருந்தன. அவை மலடல்ல, மற்றப் பெண்களினும் மிகுதியாக முட்டையிட்டன. அவை ஆணுடன் சேர்ந்து ஈன்ற குஞ்சுகளுள் ஒன்றிலேனும் டபிள்யூ இல்லை. அவை ஆணாவதும் பெண்ணாவதும் மணலின் வெப்பத்தையே முழுதும் சார்ந்துவிட்டன. வெயில் ஆண்டுதோறும் மிகுமாயின், ஆஸ்திரேலிய உள்நாட்டில் டபிள்யூ குரோமோசோமே மறைந்துபோகக்கூடும் என்று அவ்வாய்வாளர் கருதுகின்றனர்.