உப்புநீருக்கு ஏற்ற உலோகம்

மாவும் எலுமிச்சையும் நார்த்தையும் பயிரிடுவோர் சிலர், காய்களைச் சந்தையில் அகப்பட்ட விலைக்குத் தள்ளிவிடாது, தாமே ஊறுகாயாக்கி விற்கத் தலைப்படுகின்றனர். இவர்கள் பெரும்பணம் கொடுத்து வாங்கும் எவர்சில்வர் தொட்டி, நெடுநாள் உழைக்குமென எண்ணியிருக்கையில், ஊசிமுனை போன்ற துளைகள் விழுந்து ஒழுகுவதுண்டு. காரணம் பெரும்பாலும் உலோகத்தின் வகையை விசாரியாமல் வாங்கியதேயாகும்.

எவர்சில்வர் என்பது ஒரே உலோகமன்று. இரும்புடன் குரோமியம் கலந்த பல கலவைகளுக்கு அது பொதுப்பெயர். குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி, கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய ஏடாக மேற்பரப்பை மூடுகிறது. கீறல் விழுந்தாலும் அவ்வேடு தானே மீண்டும் படரும். ஆனால் உப்பிலுள்ள குளோரைடு அதனை அங்கங்கே துளைத்துவிடும். துளைக்குள் நீர் புளிப்பேறுவதால் குழி மேன்மேலும் ஆழ்கிறது. சுற்றிலும் பளபளப்போ சிறிதும் குன்றாது. நீர் சூடாக இருப்பின் அரிப்பு இன்னும் விரையும்.

304 என்னும் வகையில் நூற்றுக்குச் சுமார் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. சமையலறைக்கு அது போதும். உப்புநீர் நாட்கணக்கில் தேங்கும் கலத்திற்குப் போதாது. அதற்கு 2 முதல் 3 பங்கு மாலிப்டினம் சேர்ந்த 316 வகையே தக்கது. பற்றவைத்துச் செய்யும் தொட்டியாயின், கரி குறைந்த 316எல் நலம். விலை சற்று மிகுதிதான். காந்தம் ஒட்டவில்லையாதலின் நல்ல சரக்கென்று கொள்வது பிழை. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு வகையிலும் காந்தம் ஒட்டாது. ஆலையின் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குக.

316 வகையும் அழியாததன்று. மூடியின் இடுக்கிலும் திருகாணியின் அடியிலும் உப்புநீர் தேங்கினால் அதுவும் அரிக்கும். அன்றாடம் வேலை முடிந்ததும் நன்னீரால் அலசி, ஈரம் உலர விடவேண்டும். இரும்பு நாரால் தேய்ப்பது கூடாது. ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள்கள் துருப்பிடித்து, அடியிலுள்ள நல்ல உலோகத்தையும் கெடுக்கும். காய் வெட்டும் கத்திகள் கூர்மைக்காகக் கடினமான வேறு எஃகினால் ஆனவை. உப்பைத் தாங்கும் ஆற்றல் அவற்றிற்குக் குறைவு. ஆகவே கழுவித் துடைத்து வைப்பதில் அவற்றிற்கே முதலிடம்.

அலுமினியக் கலம் உப்பில் குழிவிழும். பித்தளையில் பூசிய வெள்ளீயம் தேய்ந்தால் களிம்பேறும், அது நஞ்சு.

மாதக்கணக்கில் ஊறவைப்பதற்கு உலோகமே வேண்டியதில்லை. பீங்கான் ஜாடியோ, உணவுக்கென்றே செய்த பிளாஸ்டிக் பீப்பாயோ போதும். அவ்வகையில் மிஞ்சும் பணத்தைக் காய்ச்சும் கலத்திற்கும் குழாய்களுக்கும் 316 வாங்கச் செலவிடலாம்.