வெளுத்த திண்டுக்கு ஒரு கை பெயிண்ட்

மதுரை மொட்டைமாடியில் ஊஞ்சலோ பிரம்பு நாற்காலியோ போட்டிருப்பவர்களுக்கு இந்தக் கவலை தெரியும். நாற்காலி நன்றாகத்தான் இருக்கும். மேலே கிடக்கும் குஷன் மட்டும் இரண்டு கோடை தாண்டுவதற்குள் நரைத்துப்போகும். உறையைத் தூக்கிப் போடுவதா, பெயிண்ட் அடித்துப் பார்ப்பதா? டீயைக் குடித்துக்கொண்டே பேசுவோம்.

முதலில் ஏன் வெளுக்கிறது என்று பார்த்துவிடலாம். இந்த ஊருக்குச் சாயம் புதிதல்ல. நாயக்கர் காலத்திலிருந்து இங்கே வாழும் சௌராஷ்டிரர்கள், துணியைப் புள்ளி புள்ளியாக நூலால் இறுக முடிந்து சாயத்தில் முக்கி எடுத்த சேலைதான் சுங்குடி. முடிச்சை அவிழ்த்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். 2005இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தச் சாயம் நூலுக்குள்ளே போய்ப் பிடிக்கிற வகை. கடையில் வாங்கும் குஷன் துணியிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் சாய மூலக்கூறுகளை உடைத்துவிடும். உடைந்த மூலக்கூறு நிறம் காட்டாது. சேலை பீரோவில் இருக்கிறது, குஷன் அக்கினி நட்சத்திரத்தில் கிடக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஃபேப்ரிக் பெயிண்ட் வேறு சங்கதி. நுண்ணிய நிறத்தூளை அக்ரிலிக் பசையில் குழைத்து வைத்திருப்பார்கள். அது நூலுக்குள் இறங்காது, மேலே ஒட்டிக்கொள்ளும். ஊறுகாய்க்குள் ஏறிய உப்புக்கும், தோசைமேல் தடவிய பொடிக்கும் உள்ள வித்தியாசம் இது. அதனால் நிறம் வரும், கூடவே கொஞ்சம் விறைப்பும் வரும்.

வேலைக்கு முன் இரண்டு சோதனை. துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள். நைந்து கிழிந்தால் அதோடு விட்டுவிடுங்கள். வெயில் சாயத்தை மட்டுமல்ல, நூலையும் தின்றிருக்கிறது. அடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு ஓடினால் துணியில் நீர் விலக்கும் பூச்சு இருக்கிறது, பெயிண்ட் சரியாக ஒட்டாது.

இரண்டிலும் தேறிவிட்டால் உறையைக் கழற்றுங்கள். உள்ளே இலவம்பஞ்சு இருந்தால் அதில் ஈரம் படவே கூடாது. உறையைச் சோப்பில் அலசுங்கள், கஞ்சியும் வாசனைத் திரவமும் வேண்டாம். உள்ளே அட்டையோ பிளாஸ்டிக் தாளோ செருகிக்கொண்டால் மறுபக்கம் கறைபடாது. பெயிண்ட்டில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, துணியை லேசாக ஈரமாக்கி, மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். கெட்டியாக ஒரே தடவையில் அப்பினால் காய்ந்தபின் வெடிக்கும். இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. காலை நிழலில் செய்யுங்கள். உச்சி வெயிலில் தூரிகை போகும் முன்பே பெயிண்ட் காய்ந்து பட்டை பட்டையாக நிற்கும்.

பழைய நிறத்தைவிட அடர்ந்த நிறமே நல்லது. கருநீலத்தின் மேல் மஞ்சள் எடுபடாது. பளிச்சென்று ஒளிரும் ஃப்ளோரசன்ட் நிறங்கள் வெயிலில் சீக்கிரமே சாகும், அவற்றைத் தவிருங்கள். பூச்சு சீராக வரவில்லையா? கவலை வேண்டாம். சுங்குடியைப் போல வெள்ளைப் புள்ளி வைத்துவிடுங்கள். பென்சிலின் பின்முனையைப் பெயிண்ட்டில் தொட்டு ஒற்றினாலே போதும், திட்டு மறைந்துவிடும்.

ஒருநாள் முழுக்கக் காய்ந்தபின் உட்புறமாக, நீராவி இல்லாமல் இஸ்திரி போடுங்கள். அந்தச் சூட்டில்தான் பசை இறுகும். பாலியஸ்டராக இருந்தால் சூட்டைக் குறைத்து, மேலே ஒரு துணி விரித்துப் போடுங்கள். புட்டியில் எழுதியிருக்கும் நாள் கணக்கு முடியும்வரை துவைக்காதீர்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால்: நூல் பலமாக இருக்கும்வரை பெயிண்ட் அடிப்பது லாபம். நூல் போயிருந்தால் ஒரு மீட்டர் கெட்டித் துணி வாங்கித் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம். எதைச் செய்தாலும், உட்கார்ந்து எழுந்ததும் குஷனை உள்ளே எடுத்துப் போடுங்கள். அந்த ஒரு பழக்கம் இருந்தால் அடுத்த கோடைக்கு பெயிண்ட் புட்டியே தேவைப்படாது.