கைக்கு எட்டிய வெற்றி

சதுரங்கம் இந்தியாவில் பிறந்தது. பாரசீகம் சென்று, அரபு மக்களிடையே 'ஷத்ரஞ்ச்' என்ற பெயரில் வளர்ந்து, பின்னர் ஐரோப்பாவை அடைந்தது. இந்த நீண்ட பயணத்தில் தோற்றவர்கள் எல்லோரும் பலவீனமாக ஆடித் தோற்றவர்கள் அல்லர். வெல்லக்கூடிய நிலையைக் கையில் வைத்துக்கொண்டே தோற்றவர்களும் இருக்கிறார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்று நம் முன்னோர் சொன்னது இவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். அப்படி ஓர் ஆட்டத்தில் நடந்தது என்ன, ஏன் நடந்தது என்பதைச் சதுரங்கம் அறியாதவர்களுக்கும் விளங்கும்படி கூற முயல்கிறேன்.

தமிழ்நாட்டின் மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்த் ஐந்து முறை உலகச் சாம்பியனானவர். 2013இல் சென்னையில், சொந்த மக்கள் முன்னிலையில், நோர்வே இளைஞர் மக்னஸ் கார்ல்சனிடம் அப்பட்டத்தை இழந்தார். இனி அவர் ஓய்வு பெறலாம் என்று பலரும் பேசினர். ஆனால் அடுத்த ஆண்டே தகுதிப் போட்டியில் முதலிடம் பெற்று, கார்ல்சனுக்கு எதிரே மீண்டும் அமர்ந்தார். ரஷ்யாவின் சோச்சி நகரில், 2014 நவம்பரில் அப்போட்டி நடந்தது. ஐந்து ஆட்டங்கள் முடிந்தபோது இருவருக்கும் தலா 2.5 புள்ளிகள்.

நவம்பர் 15ஆம் திகதி ஆறாவது ஆட்டம். கார்ல்சன் வெள்ளைக் காய்கள், ஆனந்த் கறுப்புக் காய்கள். அரசிகள் இருவரும் ஆரம்பத்திலேயே வெட்டுப்பட்டுப் போயினர். கார்ல்சனின் கை சற்று ஓங்கியிருந்தது. ஆனந்த் பொறுமையாகத் தடுத்து ஆடிக்கொண்டிருந்தார். 26ஆவது நகர்வில் கார்ல்சன் தன் அரசனை ஒரு கட்டம் நகர்த்தினார். பார்வைக்கு எந்த ஆபத்தும் இல்லாத நகர்வு. உண்மையில் அது பெரும் பிழை.

பலகையின் நடுவில் வெள்ளைச் சிப்பாய் ஒன்று நின்றது. ஆனந்தின் குதிரை அதை வெட்டலாம். ஆனால் அரசன் பழைய கட்டத்தில் நின்றவரை அப்படி வெட்டுவது வீண். ஒரு வெள்ளைக் கோட்டை கறுப்புக் கோட்டையை வெட்டும். அதற்குப் பதிலாக ஆனந்த் அந்தக் கோட்டையை வெட்டினால், மற்ற வெள்ளைக் கோட்டை வந்து குதிரையை வெட்டிவிடும். அரசன் புதிய கட்டத்துக்கு வந்ததும் இந்தக் கணக்கே மாறிவிட்டது. இப்போது குதிரை அடுத்த சிப்பாயையும் வெட்டி அரசனுக்குச் செக் சொல்லலாம். அரசன் குதிரையை நெருங்கினால் இன்னொரு செக் சொல்லித் தப்பலாம். அதன் பிறகு ஆறுதலாகக் கோட்டையை வெட்டலாம். முடிவில் கறுப்புக்கு இரண்டு சிப்பாய்கள் மிகுதி. உலகச் சாம்பியன் போட்டியில் அது வெற்றிக்குப் போதுமான மிகுதி.

கார்ல்சன் காயை வைத்த உடனேயே தன் பிழையைக் கண்டுகொண்டார். எதிரே இருந்த ஆனந்தோ ஏறக்குறைய ஒரு நிமிடமே யோசித்து, பலகையின் ஓரத்திலிருந்த தன் சிப்பாயை முன்னே தள்ளினார். தள்ளிய பிறகுதான் அவருக்கும் அது தெரிந்தது. சந்தர்ப்பம் கடந்துவிட்டது. 38 நகர்வுகளில் அவர் தோற்றார். போட்டி முழுவதும் 6.5 - 4.5 என்ற கணக்கில் கார்ல்சனுக்கே போனது.

ஆனந்துக்கு அந்த உத்தி தெரியாததா? சதுரங்க வகுப்புக்குப் போகும் பிள்ளைகள்கூடப் பயிலும் உத்தி அது. பரிசு வரும் என்று எதிர்பார்க்காதபோது, வந்த பரிசை எடுக்காமல் விட்டுவிடுகிறோம் என்ற கருத்தில் அவரே பின்னர் விளக்கம் சொன்னார். கார்ல்சன் இப்படிப் பிழை விடுவார் என்று அவர் நினைக்கவில்லை. ஆகவே தன் திட்டத்தின் அடுத்த படியை எடுத்து வைத்தார். முந்தைய நிமிடத்தில் சரியாக இருந்த கணக்கு இந்த நிமிடத்திலும் சரி என்று எண்ணிக்கொண்டார்.

இதற்கு முன்னோடியான ஓர் ஆட்டம் 1892இல் ஹவானாவில் நடந்தது. ரஷ்யரான மிகைல் சிகோரின், உலகச் சாம்பியன் ஸ்டெய்னிட்ஸை எதிர்த்து ஆடினார். முதலில் பத்து வெற்றி பெறுபவருக்கே பட்டம். ஸ்டெய்னிட்ஸ் 9, சிகோரின் 8 என்ற நிலையில் 23ஆவது ஆட்டம். சிகோரினிடம் ஒரு காய் மிகுதியாக இருந்தது. வென்றால் சமநிலை. ஆனால் தன் அரசனுக்கு முன்னால் நின்ற சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்த மந்திரியை, 32ஆவது நகர்வில் அவர் வேறிடத்துக்கு எடுத்தார். ஸ்டெய்னிட்ஸின் இரண்டு கோட்டைகளும் உள்ளே புகுந்தன. இரண்டே நகர்வில் அரசன் வீழும் நிலை. சிகோரின் அத்துடன் தோல்வியை ஒப்புக்கொண்டார். காவலுக்கு நின்ற காய் சும்மா நிற்பதுபோல் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகில் போனவர்களுக்கு ஒரு காட்சி நன்றாகத் தெரியும். இறங்குதுறை கண்ணில் பட்டதும் பயணிகள் பைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பயணம் முடிந்துவிட்டது. படகோட்டிக்கோ அப்போதுதான் அதிக கவனம் வேண்டும். வேகத்தைக் குறைத்து, காற்றையும் அலையையும் பார்த்து, கயிறு கட்டும்வரை அவர் கண் எடுக்கமாட்டார். வெல்லும் நிலையில் இருப்பவருக்குத் தேவைப்படுவதும் அந்தப் படகோட்டியின் கண்தான்.

பத்து ஆண்டுகள் கழித்து இதே சோதனை இன்னொரு தமிழ்நாட்டு வீரருக்கு வந்தது. ஏழு வயதில் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் ஆடியதைப் பார்வையாளராக இருந்து பார்த்த சிறுவன் குகேஷ். பின்னாளில் ஆனந்தின் வழிகாட்டலிலும் பயின்றவர். 2024 டிசம்பர் 12ஆம் திகதி, சிங்கப்பூரில், சீனாவின் டிங் லிரெனுடன் 14ஆவதும் இறுதியுமான ஆட்டம். சமநிலையில் முடியும் என்று எல்லோரும் நினைத்த வேளையில் டிங் தன் கோட்டையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். குகேஷும் முதலில் அதைக் கவனிக்கவில்லை. தான் முன்பே நினைத்திருந்த நகர்வை ஆடப்போனதாகப் பின்னர் சொன்னார். ஆனால் கையை நிறுத்தி மறுபடியும் பார்த்தார். 18 வயதில் உலகச் சாம்பியனானார்.

ஆனந்தின் கதை அந்த ஆறாவது ஆட்டத்துடன் முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஓய்வுக்குப் பின், நவம்பர் 17ஆம் திகதி அவர் மீண்டும் கறுப்புக் காய்களுடன் அமர்ந்தார். கார்ல்சன் ஆறு மணி நேரத்துக்கு மேல் நெருக்கியும் அவர் அசையவில்லை. 122 நகர்வுகளுக்குப் பின் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. முந்தைய ஆட்டத்தின் வேதனையைச் சுமந்துகொண்டு ஒருவரால் 122 நகர்வுகள் சரியாக ஆட முடியாது. அதை அவர் மேசைக்கு வெளியே வைத்துவிட்டு வந்திருந்தார்.

உயர்தரப் பரீட்சை எழுதவிருக்கும் நமக்கு இதில் பாடம் உண்டு. தெரிந்த வினா வந்ததும் பேனை ஓடத் தொடங்கிவிடுகிறது. போன வருடத்து வினாவைப் போலவே இருக்கும். ஆனால் ஒரு சொல் மாறியிருக்கும். அரசன் ஒரு கட்டம் நகர்ந்திருப்பான். பழைய விடையை எழுதுமுன் வினாவை இன்னொரு முறை வாசிக்க அரை நிமிடம் போதும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தெரிந்ததைத் தவறவிட்டு வரும் பிள்ளையிடம் "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்காதீர்கள். தெரிந்திருந்ததால்தான் அவளுக்கு அந்த வேதனை. அடுத்த வினாத்தாளுக்கு அவள் மேசையில் அமர வேண்டும். அதற்கு முன் அவளுக்கும் ஓர் ஓய்வு நாள் கொடுங்கள்.