அம்பாறையும் திகாமடுல்லவும்

கல்முனையில் வாழும் ஒருவர் நிருவாக ஆவணங்களின்படி அம்பாறை மாவட்டத்தவர். தேர்தல் வந்துவிட்டால் அவரே திகாமடுல்ல மாவட்ட வாக்காளராகிறார். 1961ஆம் ஆண்டுக்கு முன்னர் பிறந்தவராயின், பிறந்தபோது அவர் மட்டக்களப்பு மாவட்டத்தவர். வீடும் வாசலும் இருந்த இடத்திலேயே இருக்க, பெயர் மட்டும் மாறிக்கொண்டு வந்திருக்கிறது.

மட்டக்களப்பின் தென்பகுதியைப் பிரித்து 1961இல் உருவாக்கப்பட்ட மாவட்டத்துக்கு, கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்த அம்பாறை நகரின் பெயர் சூட்டப்பட்டது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கீழ் அமைந்த தேர்தல் மாவட்டமோ திகாமடுல்ல என்ற பெயரைப் பெற்றது. இது புதிதாகப் புனையப்பட்ட பெயரன்று. பாளி மொழியில் 'தீக' என்றால் நீண்ட, 'வாபி' என்றால் குளம். தீகவாபியைச் சூழ்ந்த மண்டலம் என்பதே திகாமடுல்ல என்பதன் பொருளாகக் கொள்ளப்படுகிறது.

ஓர் ஊர் மொழிக்கொரு பெயரால் வழங்குவது குற்றமாகாது. மட்டக்களப்பைச் சிங்களத்தில் மடகலப்புவ என்பர். ஆங்கிலத்தில் பற்றிக்கலோ என்பர். 'களப்பு' என்னும் சொல்லோ தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுவானது. இதனால் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

ஒரு மொழியின் பெயரையே மற்ற மொழியினரும் ஏற்க வேண்டுமென்ற நிலை வரும்போதுதான் சிக்கல் எழுகிறது. இத்தாலியின் வட எல்லையிலுள்ள போல்சானோ இதற்குச் சான்று. ஜேர்மன் மொழி பேசுவோர் அதனைப் போசன் என்பர். முதலாம் உலகப் போருக்குப் பின் ஒஸ்ரியாவிடமிருந்து இத்தாலிக்குக் கைமாறிய அப்பிரதேசத்தில், 1923இல் பாசிச அரசு இத்தாலியப் பெயர்களையே கட்டாயமாக்கியது. மக்களின் நாவிலிருந்து பழைய பெயரை அகற்ற அந்த ஆணையால் இயலவில்லை. இன்று அந்நகரின் பெயர்ப்பலகைகளில் இரு பெயர்களும் அருகருகே நிற்கின்றன.

நமது நிலை அத்தகையதன்று எனினும் பாடம் ஒன்றே. திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்தில் அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் என நான்கு தேர்தல் தொகுதிகள் உள்ளன. எனவே அம்பாறை முடிவு என்று அறிவிக்கப்படுவது தொகுதியினதா, மாவட்டத்தினதா என்ற மயக்கத்துக்கு இடமுண்டு.

திகாமடுல்ல என்ற தொன்மையான பெயரை நீக்க வேண்டியதில்லை. தமிழ் ஆவணங்களில் அதனருகே அம்பாறை மாவட்டம் என்பதையும் சேர்த்து எழுதினால் போதும். தமிழும் அரசகரும மொழியாக உள்ள நாட்டில், தாம் அறிந்த பெயரால் தம் மண் அழைக்கப்பட வேண்டுமென மக்கள் எதிர்பார்ப்பது நியாயமானதே.